ஐஜிஐ ஒன்றா, இரண்டா: உண்மையில் ஒளிந்து விளையாடியது எதில்?

களுவாஞ்சிக்குடித் தம்பி ஒருவர் கேட்டது, 2022 மார்ச் 9:

"அண்ணாமார், எல்லாரும் ஐஜிஐ கம்பியூட்டர் கேமில முதலாவதைத்தான் தூக்கிப் பிடிக்கிறீங்க. நான் ரெண்டையும் இந்த மாசம்தான் விளையாடி முடிச்சேன். ஒளிஞ்சு விளையாடுற கேம் எண்டால் அது ரெண்டாவதுதான். முதலாவது வெறும் சுடுற கேம், அதில விட்ட இடத்தைப் பதிஞ்சு வைக்கிற சேவ் கூட இல்ல. பழைய ஆக்கள் பழைய ஞாபகத்தில கதைக்கிறீங்களா?"

2022 மார்ச் 9, இரவு 7.50

இல்லை தம்பி. சேவ் இல்லாததுதான் அந்த கேமின் உயிர். 2000 டிசம்பரில் வந்தது. நோர்வேயில் இருந்த இன்னர்லூப் செய்தது, ஐடோஸ் வெளியிட்டது. 14 மிஷன். தொடங்கினால் முடிகிற வரைக்கும் நடுவில் எங்கேயும் சேவ் கிடையாது. அரை மணித்தியாலம் பனியில் படுத்தபடி வேலியோரமாக ஊர்ந்து, கம்பியூட்டரைப் பிடித்துக் கேமராக்களை அணைத்து, இரண்டு பேரைக் கத்தியால் முடித்து, வாசல் வரைக்கும் வந்த பிறகு கோபுரத்தில் நிற்கிறவன் கண்டுவிட்டால் திரும்ப முதலில் இருந்து. அப்படியொரு கேமில் மனுசன் ஒளியாமல் வேறு என்ன செய்வான்?

இரண்டாவதையும் ஐடோஸ்தான் விட்டது. 21 மிஷன், நினைத்த இடத்தில் சேவ். பிறகு யாருக்குப் பயம்? ஓடிப் போய்ச் சுட்டுப் பார்ப்பது, செத்தால் லோட் பண்ணுவது.

எட்டு மணிக்கு எங்கள் பக்கம் கரண்ட் போகும். மிச்சம் நாளைக்கு.

2022 மார்ச் 10, காலை 6.20

நேற்று எழுதியதில் மூன்று பிழை. கீழே நாலு பேர் வரிசையாக வந்து குட்டியிருக்கிறீர்கள், வலிக்கிறது. ஒன்று, இரண்டாம் பாகத்தை வெளியிட்டது ஐடோஸ் இல்லை, கோட்மாஸ்டர்ஸ். 2003இல் வந்தது. செய்தது அதே இன்னர்லூப்தான். இரண்டு, 21 இல்லை, 19 மிஷன். மூன்றாவதுதான் என் வாதத்துக்கு ஆபத்து: இரண்டாவதில் சேவ் இருக்கிறது, ஆனால் எண்ணிக்கை வைத்துத்தான். ஒரு மிஷனுக்கு இத்தனை தடவை என்று கணக்கு, கடினத்தைக் கூட்டினால் அதுவும் குறையும். கஞ்சன் தேங்காய் துருவுகிற மாதிரிப் பார்த்துப் பார்த்துத்தான் பாவிக்க வேண்டும்.

ஆனாலும் இருக்கிறது என்றால் இருக்கிறதுதான். நான் மாறவில்லை.

2022 மார்ச் 10, மாலை

வேலை இடத்தில் யோசித்துக்கொண்டே இருந்தேன். சேவ் இல்லாததை நாங்கள் ஏன் அவ்வளவு பெரிதாக எடுத்தோம் என்றதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அது கேமுக்குள் இல்லை.

2002. இலங்கையில் சண்டை நின்று சமாதானக் காலம் தொடங்கின வருசம். மட்டக்களப்புக் கல்லடியில், அங்கேயுள்ள திருச்செந்தூர்ப் பக்கம் ஒரு சின்னக் கடை. ஐந்து கம்பியூட்டர், அதில் எப்போதும் ஒன்று பழுது. மணித்தியாலத்துக்கு 30 ரூபாய். எங்களிடம் அந்த 30 ரூபாய் இருக்காது. மூன்று பேர் பத்துப் பத்தாகப் போட்டு ஒரு கதிரையை எடுப்போம். முறை எப்படி மாறும் என்றால், செத்தால் எழும்ப வேண்டும். அவ்வளவுதான் சட்டம்.

யோசித்துப் பாருங்கள். சாகாமல் இருக்கிற வரைக்கும் கதிரை உனக்கு. மிஷன் முடிகிற வரைக்கும் ஒளிந்து ஒளிந்து போனால் மணித்தியாலம் முழுக்க நீயே இருக்கலாம். எங்களில் ஒருவன் இருந்தான், முதல் மிஷனில் ரயில்கள் நிற்கிற அந்த இடத்துக்கு வெளியே, மேட்டில் நின்று தொலைநோக்கியால் பார்த்துக்கொண்டே இருபது நிமிசம் ஓட்டுவான். கேட்டால் "திட்டம் போடுறன் மச்சான்" என்பான். பின்னால் நிற்கிற நாங்கள் இரண்டு பேரும் "சுடுடா, சுடுடா" என்று கத்துவோம். அவன் செத்தால்தானே எங்களுக்கு முறை.

ஆகவே ஒளிய வைத்தது கேமின் நாயகன் டேவிட் ஜோன்ஸ் இல்லை, பத்து ரூபாய்.

2022 மார்ச் 13

ஏறாவூர்க்காரர் ஒருவர் கேட்டார், அந்தக் காலத்தில் மட்டக்களப்பில் இருந்துகொண்டு இந்த மாதிரி கேமை எப்படி விளையாட மனம் வந்தது என்று. நல்ல கேள்வி. அப்போது யாரும் கேட்கவில்லை, நாங்களும் கேட்டுக்கொள்ளவில்லை.

புளியந்தீவில் ரியூசன் முடிந்து கல்லடிப் பாலத்தால் வருவோம். பழைய ஒடுக்கப் பாலம், புதியது 2013இல்தான் திறந்தார்கள். வழியில் சென்றி, ராணுவச் சோதனைச் சாவடி. மண்மூட்டை, தகரக் கூரை, கம்பிவேலி. சைக்கிளால் இறங்கி உருட்ட வேண்டும். ஐசியை, அதாவது அடையாள அட்டையை, கையில் வைத்திருக்க வேண்டும். அதைத் தாண்டிக் கடைக்குள் போய்க் கதிரையில் இருந்தால் திரையில் அதே மண்மூட்டை, அதே கம்பிவேலி, மேலே கோபுரம், அதில் ஒருவன். ஒரு தடவை கூட்டாளி ஒருவன் கோபுரத்துக்குக் கிட்டப் போகும்போது நான் பின்னால் இருந்து "மச்சான், ஐசியை எடு" என்றேன். கடை முழுக்கச் சிரித்தது. கடை அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. வாசலை ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டு, "மெதுவாக் கதையுங்கடா" என்றார்.

இரண்டு பாகத்தையும் ஒப்பிட வந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

2022 மார்ச் 14

மேலே உள்ளதை அழிக்கலாமா என்று பார்த்தேன். கிடக்கட்டும்.

2022 மார்ச் 20

சரி. வாயால் அடிபடாமல் முதலாவதைத் திரும்ப இறக்கி விளையாடினேன். ஐந்து மிஷன் முடித்தாயிற்று. எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

முதல் குறிப்பில் "பனியில் படுத்தபடி ஊர்ந்து" என்று எழுதினேன் இல்லையா? முதலாவதில் படுக்கவே முடியாது. குந்தலாம், அதோடு சரி. கீபோர்டில் எந்தக் கட்டையை அமத்தினாலும் ஜோன்ஸ் படுக்க மாட்டான். அது இரண்டாம் பாகம். நெஞ்சு குளிரப் பனியில் படுத்துக் கிடந்து காவல்காரன் கிறுகிப் போகும் வரைக்கும் மூச்சுப் பிடித்த அந்த இடத்தை இருபது வருசமாக முதலாவதின் கணக்கில் வைத்திருந்தேன். என் ஞாபகத்தில் இருக்கிற முதலாம் பாகத்தில் பாதி, இரண்டாம் பாகத்தில் இருந்து களவெடுத்தது.

இன்னும் இருக்கிறது. முதலாவதை விளையாடும்போது நான் ஒளியவே இல்லை. மேட்டில் நின்று, தூரத்தில் இருந்து, ஒவ்வொருவனாகத் தலையில் சுடுகிறேன். அதற்குப் பெயர் ஒளிதல் இல்லை, எட்ட நிற்றல். அலாரம் அடித்தால் பாசறைக்குள் இருந்து ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள், கறையான் புற்றை உடைத்த மாதிரி. எத்தனை பேரைக் கொன்றாலும் முடியாது. அலாரத்தை நிற்பாட்ட வேண்டும், இல்லை ஓட வேண்டும். ஒளிகிறவனுக்கு இந்த கேம் தருகிற உதவி மிகக் குறைவு. நான் அவன் கண்ணில் படுகிறேனா இல்லையா என்று தெரிந்துகொள்ள வழியில்லை. இருட்டில் நின்றால் நல்லதா, வெளிச்சத்தில் நின்றால் கெட்டதா? அதுவும் தெரியாது. கண்டால் கண்டான்.

ஏணி வேறு. ஏறத் தொடங்கினதும் பார்வை வெளியே போய் ஜோன்ஸின் முதுகைக் காட்டும். துவக்கைத் தூக்க முடியாது. கீழே ஒருவன் வந்தால் முதுகைக் காட்டிக்கொண்டு சாக வேண்டியதுதான். இதை மட்டும் ஞாபகம் பிழைக்காமல் வைத்திருந்தேன்.

களுவாஞ்சிக்குடித் தம்பி, அரைவாசி உங்கள் பக்கம். முழுசாக இல்லை.

2022 மார்ச் 31

இன்றைக்கு 13 மணித்தியாலக் கரண்ட் வெட்டு. ஃபோனில் 22 சதவீதம் இருக்கிறது, சுருக்கமாக எழுதப் பார்க்கிறேன்.

சேவ் இல்லாத கேமும் கரண்ட் வெட்டும் எங்களுக்கு ஒன்றாகத்தான் வந்தன. 2002இலும் வெட்டு இருந்தது. கடையில் யூபிஎஸ் ஒன்றே ஒன்று, அது அண்ணனின் மேசைக்கு. மிஷன் கடைசிக்கு வந்து நிற்கும்போது படக் என்று திரை கறுக்கும். அதுவும் ஒரு சாவுதான். ஆனால் கரண்ட் போய்ச் செத்தால் கதிரை மாறுமா, மாறாதா? இதற்கு நாங்கள் சண்டையே பிடித்திருக்கிறோம். கடைசியில் வந்த தீர்ப்பு, மாறாது. அது இறைவன் செயல் என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

அந்தக் கடை 2004 டிசம்பர் 26 வரைக்கும் இருந்தது.

2022 ஏப்ரல் 3

வீட்டுக்குக் கம்பியூட்டர் வந்தது அதற்கும் பிறகு, அத்தான் பாவித்துவிட்டுத் தந்த பழையது. ஒன்று, இரண்டு இரண்டையும் அதில்தான் முழுசாக முடித்தேன். 2006. வெளியில் திரும்பவும் சத்தங்கள் தொடங்கிவிட்ட நேரம். ஒரு நாள் பின்னேரம் ஸ்பீக்கரைக் கூட்டி வைத்து விளையாடிக்கொண்டிருக்க, அம்மா குசினிக்குள் இருந்து வந்து நின்றார். கோபம் இல்லை. "வெளியில கேக்கிற சத்தம் காணாதெண்டு வீட்டுக்குள்ளயும் கொண்டந்திட்டியா மனே?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அன்றைக்குப் பிறகு ஸ்பீக்கரை மிகவும் குறைத்து வைத்துத்தான் விளையாடினேன். ஹெட்செட் வாங்க அப்போது காசில்லை. அந்தக் குறைந்த சத்தத்திலும் ஏகே47 கேட்கும், ஷொட்கன் கேட்கும். சத்தம் அடக்கிய எம்பி5 மட்டும் குசினி வரைக்கும் போகாது. அதனால் எம்பி5 குண்டைச் சேர்த்து வைப்பேன். அது முடிந்தால் கத்தி. கத்தியும் முடியாத இடம் என்றால் சுற்றிப் போவேன்.

பிறகு ஆட்களிடம் பெரிதாகச் சொல்லித் திரிந்தேன், "நான் ஐஜிஐயை ஒளிந்துதான் விளையாடுவேன், சுடுகிறது சின்னப் பொடியன்களின் வேலை" என்று. காவல்காரனுக்கு ஒளித்தேனா, அம்மாவுக்கு ஒளித்தேனா என்று இன்றைக்குத்தான் யோசிக்கிறேன்.

2022 ஏப்ரல் 3, கொஞ்ச நேரத்துக்குப் பிறகு

கீழே "உங்கள் அம்மாதான் சிறந்த ஸ்டெல்த் (ஒளிந்து விளையாடும் கேம்) டிசைனர்" என்று எழுதின அக்கரைப்பற்று நண்பருக்கு: அவரிடம் வாசித்துக் காட்டினேன். "அது ஆர் ஸ்டெல்த்?" என்றார்.

2022 ஏப்ரல் 17

புதுவருசம் முடிந்தது. விடுமுறையில் இரண்டாவதைத் தொடங்கி ஆறு மிஷன் போனேன். ஒப்பீட்டுக்கு வருகிறேன், இந்தத் தடவை ஞாபகத்தை நம்பாமல்.

ஒளிதலுக்கென்று யோசித்துச் செய்தது இரண்டாவதுதான். நீ எவ்வளவு தெரிகிறாய் என்று காட்டுகிற அளவுமானி திரையில் இருக்கிறது. நின்றால் ஏறும், குந்தினால் இறங்கும், படுத்தால் இன்னும் இறங்கும். சூட்டைப் பார்க்கிற கண்ணாடி இருக்கிறது, சுவருக்கு அப்பால் யார் நிற்கிறான் என்று தெரிகிறது. இடங்களும் விரிந்திருக்கின்றன: ரஷ்யா, லிபியா, சீனா. முதலாவதில் கிழக்கு ஐரோப்பாவின் பனியும் மலையும் பார்த்துப் பார்த்துச் சலித்த கண்ணுக்கு லிபியாவின் மணல் ஆறுதல். எனக்குப் பழக்கமான நிறம், நாவலடி மணலின் நிறம்.

சரி, எல்லாம் நல்லது. ஆனால் அந்த மானியில்தான் எனக்கு ஒரு முள்.

முதலாவதில் காவல்காரனைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எந்தப் பக்கம் நடக்கிறான், எத்தனை அடியில் கிறுகுகிறான், அடுத்தவன் எப்போது மூலையைத் தாண்டுகிறான். வேறு வழியில்லை, அவனைத் தவிர வேறு எதுவும் எனக்குத் தகவல் சொல்லாது. இரண்டாவதில் என் கண் திரையின் மூலையில் இருக்கிற மானிக்குப் போய்விடுகிறது. மானி இறங்கியிருந்தால் அவன் முகத்தைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. சூட்டுக் கண்ணாடியைப் போட்டால் அவனும் ஒரு நிறப்புள்ளிதான்.

சென்றியைத் தாண்டிப் பழகினவர்களுக்கு இது விளங்கும். அங்கே நாங்கள் படித்தது முகத்தை. இன்றைக்கு நிற்கிறவர் எப்படி, காலையில் நின்றவரா, சிகரெட் பிடிக்கிறாரா, கதைத்துக்கொண்டு நிற்கிறாரா. மானி ஒன்றும் கையில் இருக்கவில்லை.

2022 ஏப்ரல் 18

இல்லை, நேற்று எழுதியது நியாயமில்லை. முதலாவதில் முகத்தைப் படித்தேன் என்றேன். அந்தக் கால கிராபிக்ஸில் எல்லாக் காவல்காரனுக்கும் முகம் ஒன்றுதான். நடையைப் பார்த்தேன் என்று சொல்வதே சரி. அதோடு, தகவல் தராத கேம் நல்ல கேம் என்று சொல்ல முடியாது. இரண்டாவது வருவதற்குச் சில மாதங்களுக்கு முன், 2002 கடைசியில், ஸ்பிளின்டர் செல் என்ற கேம் வந்தது. அதிலும் வெளிச்ச மானி உண்டு, அங்கே அது எனக்கு ஒருநாளும் உறுத்தவில்லை. ஏனென்றால் அந்த கேம் முழுக்கவே இருட்டைச் சுற்றிக் கட்டியது. பல்பைச் சுட்டு உடைத்து இருட்டை நீயே உண்டாக்கலாம். ஐஜிஐ இரண்டில் பல இடம் வெட்டவெளி, பட்டப்பகல். மானியைக் கொண்டுவந்து முதலாவதின் வெட்டவெளியில் நட்டுவைத்த மாதிரி இருக்கிறது. பிழை மானியில் இல்லை, வயலில் என்று வையுங்கள்.

2022 ஏப்ரல் 24

மல்ட்டிப்ளேயரை, பல பேர் சேர்ந்து விளையாடுவதை, பற்றி ஒருவரும் கதைக்கவில்லையே என்று கல்முனைக்காரர் கோபிக்கிறார். சரி. முதலாவதில் அது இல்லவே இல்லை, இரண்டாவதில் வந்தது. இரண்டு அணி, காசுக்கு ஆயுதம் வாங்கலாம். கல்முனையில் கூட்டாளி வீட்டு மண்டபத்தில் நாலு கம்பியூட்டரை வயரால் இணைத்து விளையாடியிருக்கிறோம். பக்கத்தில் இருப்பவன் திரையை எட்டிப் பார்க்கிறான் என்று நடுவில் கொடி கட்டி இரண்டு சாரனைத் தொங்கவிட்டோம். ஒருவன் ஆட்டம் தொடங்கினதும் எங்கேயோ போய்ப் படுத்துவிடுவான். மற்ற மூன்று பேரும் அவனைத் தேடுவோம். அரை மணித்தியாலம் கழித்துச் சாரனை விலக்கிப் பார்த்தால் ஆள் கதிரையிலேயே நித்திரை.

சத்தியமாகச் சொல்கிறேன், இரண்டு பாகத்திலும் இதைவிட நன்றாக ஒளிந்தவனை நான் காணவில்லை.

2023 ஓகஸ்ட் 6

ஒரு வருசத்துக்கு மேல் தூங்கின இழையை யாரோ எழுப்பியிருக்கிறீர்கள். கேள்வி, முதலாவதில் ஏன் அவ்வளவு பெரிய வெறும் மலைகள், ஒருவனும் இல்லாத இடத்தில். பதில் தெரியும்: இன்னர்லூப் அதற்கு முன் செய்தது போர்விமான கேம். அந்தத் தொழில்நுட்பத்தின் மேல்தான் ஐஜிஐயைக் கட்டினார்கள். விமானத்துக்குத் தூரம் வேண்டும், அதனால் தூரம் இருந்தது. நடக்கிறவனுக்கு அவ்வளவு தேவையில்லை, ஆனாலும் கிடைத்தது.

நான் மேட்டில் நின்று சுட்டதற்கும் காரணம் இதுதானே. அவ்வளவு தூரம் தெரிகிற நிலத்தைக் கையில் தந்துவிட்டு ஒளி என்றால் எங்கே ஒளிவது? மார்ச் 20 குறிப்பில் என்னை நானே திட்டினது கொஞ்சம் கூடிவிட்டது.

மூன்றாவது எப்போது என்று கேட்டவருக்கு: ஒரு முன்கதையை 2019இல் அறிவித்தார்கள். நான் பார்த்துக்கொண்டு இருக்கவில்லை. இன்னர்லூப் 2003இலேயே மூடியாயிற்று, இனி வந்தாலும் வேறு கை.

2024 ஜனவரி 25

தைப்பூசம், பௌர்ணமி, லீவு. அக்காவின் மகன் வந்திருந்தான், வயது பதின்மூன்று. லப்டொப்பில் முதலாவதைப் போட்டுக் கொடுத்தேன். நாலு நிமிசத்தில் செத்தான். "மாமா, கடைசியா சேவ் ஆன இடம் எது?" என்றான். இல்லை என்றேன். "பக் ஆ?" என்றான், கேமில் பிழையா என்று.

இரண்டாவதைப் போட்டேன். ஒரு மணித்தியாலம் விளையாடினான். மானி பிடித்திருக்கிறது, படுத்து ஊர்வது பிடித்திருக்கிறது. இருந்த சேவ் எல்லாவற்றையும் முதல் பத்து நிமிசத்துக்குள் முடித்துவிட்டான். பிறகு என்ன நடந்தது தெரியுமா, பயந்து பயந்து விளையாடத் தொடங்கினான். குந்துகிறான், காத்திருக்கிறான், மூலையில் நின்று எண்ணுகிறான். பின்னால் நின்று நான் "சுடுடா" என்று சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டேன்.

களுவாஞ்சிக்குடித் தம்பி இன்னும் இங்கே வருகிறாரோ தெரியாது. வந்தால், மிச்ச அரைவாசியில் ஒரு கால் பங்கையும் எழுதிக்கொள்ளுங்கள். மீதிக் கால் என்னிடம் இருக்கட்டும்.

2024 ஜனவரி 26

மருமகன் ஹெட்செட்டை விட்டுவிட்டுப் போய்விட்டான். இரவு அதைப் போட்டுக்கொண்டு முதலாவதைத் திறந்தேன். இந்த கேமை முழுச் சத்தத்தில், காதுக்குள், இதுவரை கேட்டதே இல்லை. கடையில் இரைச்சல், வீட்டில் அம்மா, 2022இல் லப்டொப்பின் ஓட்டை ஸ்பீக்கர். ஜோன்ஸ் மண்ணில் நடந்தால் ஒரு சத்தம், தகட்டில் ஏறினால் வேறு சத்தம். மேட்டில் சும்மா நின்றால் ஊளைக் காற்று.

அம்மா தண்ணீர் குடிக்க எழும்பி வந்தார். "இன்னும் அந்தச் சுடுற கேம்தானா?" என்றார். ஒன்றும் சொல்லாமல் ஹெட்செட்டைக் கழற்றி அவருடைய காதில் வைத்தேன். கொஞ்ச நேரம் கேட்டார்.

"காத்துத்தானே" என்றார்.

திரும்பி வாங்கி வைத்துக்கொண்டு கோபுரத்துக்காரன் கிறுகுகிற வரைக்கும் நின்றேன். பிறகு செத்தேன். இரண்டாவதை ஹெட்செட்டில் இன்னும் கேட்கவில்லை, அடுத்த போயாவுக்கு, பௌர்ணமி லீவுக்குப் பார்ப்போம்.